கிழக்கு வரிசை மேசைகள்

1461, மே 4, பிஸ்தோயா

மடத்து நூலகத்தில் கடைசித் தூணும் நின்றுவிட்டது. இரண்டு வரிசைத் தூண்கள், நடுவே நடைபாதை, இருபுறமும் மேசைக்கு ஒரு ஜன்னல். தேவாலயம் மாதிரியே இருக்கிறது. இந்த ஊரில் வேறு எவனுக்கு இது வரும்? தற்பெருமை என்றாலும் சரி, எழுதிவைக்கிறேன்.

மே 19

மேசைகளையும் பெஞ்சுகளையும் போட்டாயிற்று. எல்லாம் வடக்குச் சுவரின் சிலுவை ஓவியத்தைப் பார்த்தபடி. நடைபாதைப் பக்கப் பலகைகளில் நானே செதுக்கிய திராட்சைக் கொடிகள். இரண்டு குளிர்காலத்து வேலை. மடத்துத் தலைவர் தடவித் தடவிப் பார்த்தார். "திருநாளுக்கு வர்ற ஆயர் அசந்துடுவார், மேஸ்திரி!"

அசரட்டும்.

மே 27

நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் இலாரியோ சாமி இன்று உட்கார்ந்து பிரதி எடுத்துப் பார்த்தார். மேற்கு வரிசையில் சிரித்துக்கொண்டே எழுதினார். கிழக்கு வரிசையில் முதலில் தலை சாய்ந்தது, பிறகு தோள், பிறகு ஆளே.

"என்ன சாமி, கழுத்துச் சுளுக்கா?"

"இங்க வெளிச்சம் வலப்பக்கமா வருது. எழுதுற இடத்துல என் கை நிழலே விழுது. தீப் பயத்துக்கு உள்ள விளக்கும் கொண்டுவரக் கூடாது."

நானே உட்கார்ந்து கை வைத்துப் பார்த்தேன். நிழல்தான்.

"தலைவர்கிட்ட சொல்ல மாட்டேன். பழகிக்குவோம், விடுங்க."

பழகிக்குவார்களாம்!

மே 28

கோபம் தீரவில்லை. என்மேல்தான். தேவாலயத்தில் எல்லாரும் பீடத்தைப் பார்த்து நிற்கிறோம், அதே நினைப்பில் இங்கும் வரைந்துவிட்டேன். இங்கே ஏது பீடம்?

கிழக்கு வரிசையைத் தெற்கு வாசலைப் பார்க்கத் திருப்பினால் ஜன்னல் இடப்பக்கம் வந்துவிடும். ஆனால் செதுக்கிய பலகைகள் சுவர்ப்பக்கம் போய்விடும் — பசை போட்டு இறுக்கியவை, கழற்ற வராது. என் கொடிகள்... எவன் கண்ணிலும் படாமல்? வலிக்கத்தான் செய்கிறது.

மே 29

திருப்பச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 2

தலைவர் குதித்தார். "ஒரு பக்கம் மொட்டையா நிக்குது! வாசலைப் பாத்து உக்காந்தா படிப்பானா, வர்றவன் போறவனை வேடிக்கை பாப்பானா?"

"படிக்கப் பிடிக்காதவன்தான் வேடிக்கை பாப்பான், சாமி. நீங்களே ஒரு பக்கம் எழுதிப் பாருங்க."

எழுதினார். கை நிழல் விழவில்லை. முகத்தில் மட்டும் கடுப்பு குறையவில்லை. "ஆயர் கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

சொல்லிவிட்டுப் போகிறேன். என் நூலகம்.

ஜூன் 24

புனித யோவான் திருநாள். ஆயர் வந்தார். மேற்கு வரிசைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தவர், கிழக்குப் பக்கம் ஏதோ புத்தகத்தைப் பிரித்தார். உட்கார்ந்தார். தாளும் மையும் கேட்டார்.

கீழே விருந்தில் ஆட்டுக்கறி ஆறிக்கொண்டிருந்தது. தலைவர் வாசலில் வந்து நின்று செருமினார். இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக. கதவையும் ஆட்டிப் பார்த்தார்.

ஆயர் வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். நிமிரவே இல்லை.