ஐந்தாவது ஊசி

ஜூன் 3

அன்புள்ள வாயாடிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ, உன் வீட்டுக்காரர், சிட்டு மூவரும் நலம்தானே?

கூட வரும் பொட்டலத்தைப் பிரித்ததும் நீ போடப்போகிற கூச்சல் நான் வேலை பார்க்கிற இந்த ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்கும். ஆமாம், அதேதான். பொம்மைப் போர்வை. அம்மாவின் அத்தை தன் மரப்பொம்மைக்காகப் பஞ்சு வைத்துத் தைத்தது; பிறகு அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. அம்மா கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு மாட்டியதை நானும் இத்தனை வருஷம் கழற்றவில்லை. எனக்கோ பிள்ளை இல்லை. சிட்டுவுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. சுவரில் தொங்கி யாருக்கு என்ன லாபம்?

கைமாற்றிக் கொடுப்பவள் தன் உடுப்பிலிருந்து ஒரு துண்டு வைத்துத் தைக்க வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கமாயிற்றே. என் பழைய ஆபரேஷன் தியேட்டர் உடுப்பில் ஒரு பச்சைத் துண்டு வெட்டி, அம்மாவின் மஞ்சள் துண்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தையல் கோணல்தான். டாக்டருக்கு ஊசி எடுத்துக் கொடுத்தே பழகிய கை, என்ன செய்ய!

இதற்காக நீ என்னைக் கடித்த தழும்பு இன்னும் முழங்கைக்குக் கீழே இருக்கிறது. இனிமேலாவது சமாதானம்தானே?

உன் அக்கா

ஜூன் 8

அக்காவுக்கு,

கூச்சல் போடவில்லை. உட்கார்ந்து அழுதேன். இவர் அணைக்கட்டு வேலையிலிருந்து வந்து, யாருக்கு என்ன ஆச்சோ என்று பயந்தேவிட்டார்.

உனக்கு நினைவிருக்கிறதா? ஒரு தரம் நாற்காலி மேல் ஏறி அந்தச் சட்டத்தைத் தொட்டேன். அம்மா கையிலேயே ஒரு போடு போட்டாள். "நீ தொடவே கூடாது" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு இன்னொரு அடி. மூத்தவள்தான் செல்லம், நான் வேண்டாத பிள்ளை என்று அன்றைக்கு மனசில் விழுந்தது. முப்பத்தைந்து வருஷமாகியும் போகவில்லை. நீ அனுப்பிய பொட்டலத்தோடு போயே போய்விட்டது, அக்கா.

சிட்டு போர்வையை விடுவதில்லை. பொம்மைக்குப் போர்த்துவது பேருக்குத்தான். அதன் மூலையைச் சப்பிக்கொண்டுதான் தூங்குகிறாள்.

உன் வாயாடி

ஜூன் 12

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போர்வையை உடனே சிட்டுவிடமிருந்து வாங்கி எனக்குத் திருப்பி அனுப்பிவிடு. தையலில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. முடித்ததும் அனுப்புகிறேன். அதுவரை குழந்தை கையில் கொடுக்காதே. மறந்துவிடாதே.

அக்கா

ஜூன் 16

அக்காவுக்கு,

உன் நாலு வரி கிடைத்தது. கொடுத்த கை பத்து நாளில் பிடுங்க வருகிறது. எனக்குச் சந்தோஷம் என்று எழுதியது உனக்குப் பொறுக்கவில்லையா? கோணல் தையலை நான் ரசித்துக்கொண்டிருக்கிறேன். என்ன திருத்தம் வேண்டிக்கிடக்கிறது? அப்படியே அம்மா பேசுவது போலவே இருக்கிறது. வாங்கு, தொடாதே, ஏன் என்று கேட்காதே.

அனுப்ப மாட்டேன். சிட்டு அதோடுதான் தூங்குவாள். நேற்று மத்தியானம் தூக்கத்திலிருந்து எழுந்து, "அம்மா, போர்வை கடிக்குது" என்று விரலைக் காட்டி அழுதாள். ஒரு பொட்டு ரத்தம், எறும்பு கடித்த மாதிரி. போர்வைக்கும் உன் பெரியம்மா புத்திதான் என்று அவளிடம் சொல்லி ஊதிவிட்டேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது.

உன் தங்கை

ஜூன் 19

என் கண்ணே,

இதைப் படித்து முடிப்பதற்கு முன்னால் எழுந்துபோய்ப் போர்வையைத் தூக்கிப் பூட்டிவை. பிறகு வந்து படி.

அதற்குள் ஓர் ஊசி இருக்கிறது.

நான் வாங்கிய அட்டையில் ஐந்து ஊசிகள். போர்வையைத் தபாலில் சேர்த்து ஒரு வாரம் கழித்து, பொத்தான் தைக்க எடுத்தேன். நாலுதான் இருந்தது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டேன். இல்லை. நான் கடைசியாகத் தைத்தது அந்தப் போர்வையைத்தான். தியேட்டரில் ஊசியை எண்ணிப் பார்த்து "சரி" என்று நான் சொல்லாமல் எந்த டாக்டரும் வயிற்றை மூட மாட்டார். இருபது வருஷத்தில் ஒன்றுகூடத் தவறியதில்லை. வீட்டில் ஒரு கையகலப் போர்வைக்கு எண்ணாமல் விட்டேன்.

அன்றைக்கே அணைக்கட்டு ஆபீசுக்குப் போன் செய்திருக்கலாம். லைன் நன்றாகத்தான் இருந்தது. "ஊசியைத் தொலைச்சிட்டேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கம். தையல், திருத்தம் என்று மழுப்பினேன். இப்போது சொல்லலாம் என்றால் மழையில் கம்பி அறுந்து கிடக்கிறதாம். பஸ்ஸும் இல்லை. தபால் மட்டும் படகில் போகிறதாம்.

சிட்டுவின் விரல், உள்ளங்கை, நாக்குக்கு அடி எல்லாம் பார். விழுங்கும்போது அழுகிறாளா? எக்ஸ்ரே எடு. "கடிக்குது" என்று குழந்தை சொன்ன வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தியேட்டரில் நேற்று மூன்று தரம் எண்ணியும் சந்தேகமாகவே இருந்தது.

திட்டு. ஆனால் உடனே எழுது.

அக்கா

ஜூன் 23

அக்கா,

கடிதத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். போர்வை சிட்டுவின் வாயில் இருந்தது.

இவர் அணைக்கட்டு ஷட்டரின் பழைய மோட்டாரிலிருந்த காந்தத்தைக் கொண்டுவந்து மேலே பிடித்தார். மூலை தானாக எழும்பியது. கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்தோம். ஊசி கிடைத்தது. ஆனால் உன்னுடையது இல்லை. நீ வாங்கியது புதுசு. இது துரு ஏறிக் கறுத்துப்போன பழைய ஊசி. அம்மாவின் மஞ்சள் துண்டுக்கு அடியில், பஞ்சுக்குள் குறுக்காகக் கிடந்தது. முனை மட்டும் உடையவில்லை.

மறுபடி காந்தத்தைப் பிடித்தோம். வேறு எதுவும் இல்லை. அப்படியானால் உன் ஊசி எங்கே? படகில் அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெஞ்சு, வயிறு இரண்டையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். "ஒண்ணுமில்லம்மா, நிம்மதியாப் போங்க" என்றார் டாக்டர். விரலில் குத்தியதற்கு டெட்டனஸ் ஊசியும் போட்டாயிற்று. எனக்கு நிம்மதி வரவில்லை. மெத்தை, தலையணை, அவள் பாவாடை எல்லாவற்றையும் பிரித்துப் போட்டிருக்கிறேன். வெறும் தரையில் படுக்கவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவள் இருமினால் எனக்கு உயிர் போகிறது.

உன் ஊசி எங்கே, அக்கா?

ஜூன் 27

என் தங்கமே,

நேற்று லைன் கிடைத்ததும், "ஊசி கெடச்சிடுச்சு, இங்கதான் இருக்கு" என்று கத்தினேன். நீ அழுதாய். அதற்குள் லைன் போய்விட்டது. அதனால் மீதியை எழுதுகிறேன்.

பச்சைத் துண்டு வெட்டிய மிச்ச உடுப்பைக் கந்தல் பைக்குள் திணித்திருந்தேன். உன் கடிதம் வந்ததும் அந்தப் பையைக் கொட்டி உதறினேன். காலரில் குத்தியபடி இருந்தது. நானே குத்திவைத்திருக்கிறேன். இல்லாத ஊசிக்குப் பயந்து அலறினேன். இருந்த ஊசி அதனால் கிடைத்தது.

அந்தப் பழைய ஊசியைப் பற்றித்தான் எழுத வேண்டும். அம்மா எனக்குத் தருவதற்காக மஞ்சள் துண்டு வைத்துத் தைத்தபோது எனக்கு ஒன்பது வயது, உனக்கு மூன்று. மறுநாள் முழுக்க அம்மா முட்டி போட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தாள். "தோடு விழுந்துடுச்சுடி" என்றாள். இரண்டு காதிலும் தோடு இருந்தது. நான் பார்த்தேன், கேட்கவில்லை. அந்த வாரமே போர்வை கண்ணாடிக்குள் போய்விட்டது.

ஊசி அதற்குள்தான் இருக்கிறது என்று அம்மாவுக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்காது. அத்தையின் தையலைப் பிரிக்கவும் மனசு வந்திருக்காது. கடைசிப் படுக்கையில்கூட, "சட்டத்தக் கழட்டிடாத" என்றாள். அழுக்காகிவிடும் என்று சொல்கிறாள் போலும் என்று நினைத்தேன்.

உன் கையில் அம்மா ஒரு போடு போட்டாளே, அது நீ வேண்டாத பிள்ளை என்பதால் இல்லை. அப்போது எதையும் வாயில் வைக்கிற வயது உனக்கு. என்னைப் போலத்தான் அவளும். காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, உன்னை அழவிட்டாள்.

அந்தப் போர்வையை எரித்துவிடு. நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

அக்கா

ஜூலை 1

அக்காவுக்கு,

எரிக்கவில்லை. துணியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்துத் தனியாக வைத்திருக்கிறேன். அம்மாவின் ஊசி தீப்பெட்டிக்குள் இருக்கிறது. தினமும் ஒரு தரம் திறந்து பார்க்கிறேன். ஏனோ கோபம் வரவில்லை.

சிட்டு, "போர்வை எங்க?" என்று ஓயாமல் கேட்கிறாள். அதற்குள் ஊசி இருந்தது, உன்னைக் குத்தியது அதுதான் என்று சொல்லிவிட்டேன். தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவளுக்குப் புரிகிறது.

வெள்ளிக்கிழமையிலிருந்து பஸ் ஓடும் என்கிறார்கள். லீவு போட்டுவிட்டு வா. உன் ஊசி அட்டையையும் எடுத்து வா. நீ தை. நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறேன்.

உன் வாயாடி