சீமைச்சாமந்தி டீயும் பத்து நிமிடமும்

சின்னு,

உன் அக்கா இந்த வீட்டில் கடைசியாகச் செய்தது, பாப்பா பள்ளிக்குக் கிளம்புமுன் சீமைச்சாமந்திப் பூ டீ வடிகட்டிக் கொடுத்ததுதான். அப்புறம் வேலைக்குப் போனவள் உயிரோடு திரும்பவில்லை.

நீ வாங்கி வந்த மூலிகைப் பொடியை டாக்டரிடம் காட்ட எடுத்துப் போகிறேன். "பச்சிலைதானே அத்தான், பயத்துக்கு நல்லது, என்ன பண்ணிடப் போகுது?" என்றாய். நான் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் பாப்பா பயத்துக்கும் கை நடுக்கத்துக்கும் சாப்பிடும் மாத்திரையோடு அது ஒத்துப்போகுமா என்று நம் இருவருக்குமே தெரியாது. கேட்டு வரும்வரை மாத்திரையை மட்டும் கொடு. அடுப்பு மேடையில் இருக்கிறது.

ஒரு வேடிக்கை. நேற்று பூ தீர்ந்துபோய் வெறும் வெந்நீரைத்தான் மூடி வைத்தேன். பாப்பாவும் நானும் வழக்கம்போலப் பத்து நிமிடம் பேசிக்கொண்டே காத்திருந்தோம். "டீயில கலரே இல்லப்பா," என்று சிரித்தாள். கை நடுக்கம் நின்றிருந்தது. அப்படியானால் இத்தனை நாள் வேலை செய்தது பூவா, பத்து நிமிடமா? இன்று புதுப் பூ டப்பாவில் இருக்கிறது. நீயும் கூட உட்கார்ந்து பார்த்துச் சொல்.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடு.

மறந்துவிட்டேன்: டம்ளரை உடனே கழுவாதே. கடைசி வாய் இன்னமும் அம்மாவுக்கென்றுதான் மிச்சம் வைக்கிறாள்.