கடல் இல்லாத ஊர்

ஆகஸ்ட் 3, 2022. ஸ்பிரிங்வேல்
காய்கறிக் கடையில் நாள் முழுக்கக் கொத்தமல்லி கட்டினேன். இந்தக் குளிரில் விரல்கள் சொல்வழி கேட்பதில்லை. வீட்டில் ஹரிப்பிரியா ரசம் வைத்திருந்தாள். கோயம்புத்தூர்க்காரி, முதியோர் இல்லத்தில் நர்ஸ். வாடகையைப் பாதி பாதியாகக் கட்டுகிறோம். ரசத்தில் மல்லி மிதந்தது. இன்றைக்கு மட்டும் எனக்கு மல்லி வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 5
எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.
பத்தரைக்குக் குடிவரவு அலுவலகத்திலிருந்து போன். பேசியது ஒரு வெள்ளைக்கார அதிகாரி, இடையில் தமிழில் சொல்ல ஓர் இந்தியக் குரல். ஒரே இரைச்சல். "உங்களைக் கொழும்புக்கு அனுப்ப முடிவாயிருக்கு, சம்மதமா?"
நான் கத்தினேன். "மாட்டன்! செத்தாலும் போகமாட்டன்!" போனை வைத்துவிட்டேன்.
படகில் வந்து ஒன்பது வருடம். நவுறுத் தீவு முகாமில் ஆறு, வைத்தியத்துக்கென்று இங்கே கொண்டுவந்து மூன்று. கடைசியில் அனுப்பத்தான் போகினமோ?
ஆனால் — சம்மதமா என்று கேட்டு ஆராவது நாடுகடத்துவினமோ?

ஆகஸ்ட் 6
வேலைக்குப் போகவில்லை. வாசலில் கார் நின்றால் யன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 10
மின்னஞ்சல் வந்தது. எனக்குத் திறக்கப் பயம், ஹரிதான் வாசித்தாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.
"அக்கா, இது கொழும்பு இல்ல. கொலம்பஸ்! அமெரிக்கா!"
அகதியாக எடுப்பதற்கென்று அமெரிக்காக்காரர் என்னை விசாரித்து இரண்டு வருடமாகிறது. மறந்தே போனேன். அவர்கள் ஓம் என்று சொல்லி, ஊரும் பார்த்து வைத்திருக்கிறார்கள். நான் செத்தாலும் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். 23ஆம் திகதிக்குள் மாற்றி எழுதாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்களாம்.
ஹரி சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய் அழுதேன். எதற்கென்று தெரியவில்லை. மடைச்சி.

ஆகஸ்ட் 14
கொழும்பு இல்லையென்றால் உடனே கொலம்பஸ் சரியாகிவிடுமா? ஹரியின் போனில் தேடித் தேடிப் படித்தோம்.
ஒஹாயோ மாநிலத்தின் தலைநகர். தட்டை நிலம். சயோட்டோ, ஒலன்டான்ஜி என்று இரண்டு ஆறுகள் சேருமிடம். 1812இல் தலைநகருக்கென்றே ஆற்றங்கரைக் காட்டில் கோடு போட்டுக் கட்டிய ஊராம். அதற்கு முன்பு அந்தப் பக்கம் இருந்த ஆதிக்குடிகள்? அவர்களை வேறிடம் அனுப்பிவிட்டார்கள் என்று ஒரே வரி. அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றேன்.
இப்போது சனம் ஒன்பது லட்சம். சோமாலியாவிலிருந்து ஓடி வந்தவர்கள் நிறைய. பூட்டானிலிருந்து விரட்டப்பட்ட நேப்பாளிகளும் நிறைய. தமிழர் எத்தனை பேர் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.
பெயருக்குரிய கொலம்பஸ் அந்த ஊரில் கால் வைத்ததே இல்லையாம். இந்தியாவுக்கென்று வெளிக்கிட்டு வழி மாறிப் போனவர். அவரும் படகு ஆள்தான். அவரை ஆரும் ஆறு வருடம் மறித்து வைக்கவில்லை.
கடல் இல்லை. பெரிய ஏரியொன்று இரண்டு மணித்தியால ஓட்டத்தில். கடல் இல்லாத ஊரில் நான் இருந்ததேயில்லை. நல்லதோ கெட்டதோ?

ஆகஸ்ட் 17
"போறீங்களா, இல்லையா? சொல்லுங்கக்கா," என்றாள் ஹரி.
"தெரியேல்லை."
"இங்கயே நிரந்தரமா இருக்க விடுவாங்களா?"
"இல்லை."
"அப்புறம் என்ன தெரியல?"
அவளுக்கு விளங்காது. தெரிந்த ரயில், தெரிந்த கடை, ரசம் வைக்க ஒருத்தி. இவ்வளவையும் சேர்க்கவே எனக்கு மூன்று வருடம் போனது.

ஆகஸ்ட் 19
கேரம் டவுன்ஸ் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளை ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். கண்ணை மூடி வேண்டிக்கொண்டு எடுத்தேன். வெள்ளை வந்தது.
வெள்ளை போவதற்கோ, இருப்பதற்கோ? மறந்துபோனேன். ஹரி தலையில் அடித்துக்கொண்டாள். சாமி என்ன செய்யும், பாவம்.

ஆகஸ்ட் 20
முல்லைத்தீவுக்குப் போன் எடுத்தேன். நான் படகேறிய நாளிலிருந்து அம்மா மீன் வாங்கக்கூடக் கடற்கரைக்குப் போவதில்லை. அவவிடம் கேட்காமல் முடிவெடுக்க மனம் வரவில்லை.
"அம்மா, என்னைக் கொலம்பஸுக்கு..." அவ்வளவுதான் சொன்னேன்.
"கொழும்புக்கோ? எப்ப பிள்ளை வாறாய்? நான் முதல் நாளே பஸ் எடுத்து வந்து நிக்கிறன்!"
அப்படியொரு சந்தோஷக் குரல் ஒன்பது வருடத்தில் நான் கேட்டதில்லை. எனக்குக் குலை நடுங்கிய அதே பெயர். நான் திருத்தவில்லை. சார்ஜ் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21
அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லியிருப்பா. நாளை மறுநாள் 23.

ஆகஸ்ட் 22
சொல்லிவிட்டேன். "கொழும்பு இல்லையம்மா. கொலம்பஸ். அது அமெரிக்கா."
கோல் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.
"அங்கை கடல் இருக்கோ?"
"இல்லையம்மா. ரெண்டு ஆறு மட்டும்."
மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அப்ப போ பிள்ளை."
ஹரி மின்னஞ்சல் எழுதினாள். அனுப்பும் பொத்தானை நான்தான் அழுத்தினேன்.

டிசம்பர் 6
விமான ரிக்கெற் வந்தது. கொழும்பு விமான நிலையத்துக்கு சி.எம்.பி. என்று குறிப்பார்களாம், கொலம்பஸுக்கு சி.எம்.எச். கடைசி எழுத்தை மூன்று தரம் பார்த்தேன். ஹரி நாலாம் தரம் பார்த்தாள்.

ஜனவரி 15, 2023. கொலம்பஸ்
பனி. இரண்டு காலுறை போட்டும் குளிர்கிறது. சயோட்டோ ஆற்றைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் எடுத்தா.
"இதென்ன பிள்ளை, கடலோ?"
"இல்லையம்மா, ஆறு. வடிவாப் பாருங்கோ, மற்றக் கரை தெரியுது."