வியாழக்கிழமை மிஸஸ் பிள்ளை

மரக்காணம்,
12 பிப்ரவரி 1974

அன்புள்ள ராசம்மாளுக்கு,

இங்கே நானும் உப்பளமும் சௌக்கியம். லண்டன் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

விசாரிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. போன வாரம் ஆரோவிலிலிருந்து ஜில் என்று ஓர் ஆங்கிலப் பெண் உப்பளம் பார்க்க வந்தாள். வெயிலில் சிவந்துபோய் வாசலில் நின்று தண்ணீர் கேட்டாள். கால் கழுவச் சொன்னேன். தலை வாரிக்கொள்ளச் சீப்புக் கொடுத்தேன். செம்பை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கச் சொன்னேன். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. "மறுபடியும்" என்று ஒரு விரலைக் காட்டினேன். அவ்வளவுதான், தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "நீங்கள் மிஸஸ் பிள்ளை! எங்கள் டெலிவிஷனில் வியாழக்கிழமைதோறும் வருகிற மிஸஸ் பிள்ளையேதான்!" என்றாள். அந்த வேஷம் போடுகிறவர் யார் என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னாள்.

டெலிவிஷனில் வேலை என்றுதான் நீ எழுதியிருந்தாய். புதுச்சேரி கான்வென்ட்டில் வாசிப்புக்கு முதல் பரிசு வாங்கியவளாயிற்றே, செய்தி வாசிக்கிறாய் என்று போஸ்ட் மாஸ்டர் மனைவியிடம் நான் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். என்னை வைத்து ஒரு தேசத்துக்கே சிரிப்புக் காட்டுகிறாயா? உண்டு, இல்லை என்று எழுது. நம் கடிதப் போக்குவரத்து தொடர்வதும் நிற்பதும் அதைப் பொறுத்தது.

அமராவதி


லண்டன்,
3 மார்ச் 1974

அமராவதிக்கு,

உண்டு.

என் டாக்டர் கணவர் இறந்தபின் நான் ஆஸ்பத்திரி ஆபீஸில் டைப் அடித்தது உனக்குத் தெரியும். சாயங்காலத் தனிமைக்குப் பயந்து சர்ச் நாடகக் குழுவில் சேர்ந்தேன். அங்கே என்னைப் பார்த்த ஒருவர் ரேடியோவுக்கு அழைத்தார். பிள்ளை வளர்க்கும் ஆயா, குறி சொல்கிறவள், சந்தையில் பேரம் பேசுகிறவள் என்று வேஷங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே குரலைத்தான் கேட்டார்கள்.

பிறகு டெலிவிஷன். பல தேசத்தார் குடியிருக்கும் ஒரு வாடகை வீட்டைப் பற்றிய வேடிக்கைத் தொடர். அதில் இந்தியக் கிழவி கைகூப்பிக்கொண்டே, உடைந்த ஆங்கிலத்தில் எல்லோரையும் 'மாஸ்டர்' என்று கூப்பிட வேண்டும். ஒத்திகையில் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. எதிரே பால்காரனாக நடிப்பவர் மேசைமேல் காலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னையறியாமல், "காலை எடு. எழுந்து நில். யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்றேன். அது என் குரல் இல்லை, அமராவதி. உன் குரல். அந்த மனிதர் நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்; வசனத்தையே மாற்றி எழுதினார்கள். அன்றிலிருந்து நீயாகத்தான் பிழைக்கிறேன்.

சொல்லத் தைரியம் வரவில்லை. அவர்கள் சிரிப்பது உன்னைப் பார்த்தா, எழுந்து நிற்கிற தங்களைப் பார்த்தா என்று எனக்கும் விளங்கவில்லை. கோபித்துக்கொள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ராசம்மாள்


மரக்காணம்,
20 நவம்பர் 1974

ராசம்மாளுக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். மழையில் உப்புப் பாத்திகளெல்லாம் ஒரே தண்ணீராகக் கிடக்கின்றன. வேலை இல்லாததால் யோசனை அதிகம். அவமானப்பட்டேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் ஆம் என்கிறது மனம், மறுநாள் இல்லை என்கிறது. என் கணவர் போன பிறகு இந்தக் குரல் ஒன்றை வைத்துக்கொண்டுதான் உப்பளத்து ஆட்களை நடத்தினேன். அதைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாயே.

தெளிவு பெற வேண்டி ஜில்லை வரவழைத்து, நீ செய்வதை அப்படியே செய்து காட்டச் சொன்னேன். வீட்டு வேலை செய்யும் சின்னப்பாப்பாவும் மேஸ்திரி கண்ணாயிரமும் அப்போது இருந்தார்கள். ஜில் என் குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். சின்னப்பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அப்படியே நம்ம அம்மாதான்! அடி வெள்ளக்காரி, எங்கடி கத்துக்கின?" என்று சிரித்தாள். கண்ணாயிரம் துண்டால் வாயை மூடிக்கொண்டு, "சீமையிலகூட உங்களுக்குப் பயப்படறாங்களாம்மா? அப்ப நாங்க பயந்ததுல ஒண்ணும் தப்பு இல்லீங்க" என்றான்.

"சிரித்தது போதும், வேலையைப் பாருங்கள்" என்றேன். அதையே அதே சமயத்தில் ஜில் ஆங்கிலத்தில் சொன்னாள். மறுபடி சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. காரணம், அதில் தவறு நிறைய இருந்தது. நான் விரலை ஆட்டுவதில்லை. ஒரு முறை காட்டுவேன், முடிந்தது. கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டேன், தணிப்பேன். குடையை ஊன்றி நடக்கமாட்டேன். உப்பள வரப்பில் ஊன்றினால் வரப்பு உடையும். டெலிவிஷனில் ஏற்கெனவே காட்டியவற்றைத் திருத்தி மறுபடி காட்டச் சொல். என்னைத்தான் செய்கிறாய் என்றால் ஒழுங்காகச் செய்.

அமராவதி


லண்டன்,
9 ஜனவரி 1977

என் அமராவதிக்கு,

காட்டி முடித்ததைத் திருத்த முடியாது என்று அன்று எழுதினேன். "முதலிலேயே கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று பதில் போட்டாய். அதன்பிறகு நீ அனுப்பிய திருத்தங்கள்படிதான் நடந்துவருகிறேன். குரலைத் தணித்ததும் சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று. கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஆண்கள் என்னைக் கண்டதும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார்கள்.

இப்போது முழங்கால் என்னை நிற்கவிடவில்லை. குளிர்காலம் முடிவதோடு விலக வேண்டும். கடைசி வாரத்தில் மிஸஸ் பிள்ளையைச் சாகடிக்கத் தீர்மானித்துவிட்டார்கள். படுக்கையைச் சுற்றி எல்லோரும் நிற்பார்கள். அவள் கடைசியாக ஏதோ சொல்ல வேண்டும். அதை என்னையே யோசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ன சொல்வாய், அமராவதி? எப்படிச் சாவாய்?

கேட்கக் கூடாதுதான். ஆனால் பயமாக இருக்கிறது. எனக்குப் பிள்ளையா குட்டியா? வீட்டிலும் உன் குரலில்தான் என்னோடு நானே பேசிக்கொள்கிறேன்: எழுந்திரு, சாப்பிடு, விளக்கை அணை. மிஸஸ் பிள்ளை செத்த மறுநாள் காலையில் இந்த வீட்டில் யார் எழுந்திருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

ராசம்மாள்


மரக்காணம்,
24 ஜனவரி 1977

அன்புள்ள ராசம்மாளுக்கு,

சாவதாக எனக்கு உத்தேசமில்லை.

உன் கடிதத்தைப் படித்து நாள் முழுக்கக் குழம்பினேன். கடைசி வார்த்தை ஏதாவது வருகிறதா என்று படுத்துப் பார்த்தேன். சின்னப்பாப்பா ஓடிவந்து, "இன்னாம்மா, பட்டப்பகல்ல படுத்துக்கினு இருக்கீங்க? உடம்பு சரியில்லையா?" என்றாள். "ஒத்திகை" என்றேன். அவள் போய்க் கண்ணாயிரத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு வார்த்தை ஒன்றும் வரவில்லை. தலையணை உறை சரியாக வெளுக்கவில்லை என்பதுதான் கண்ணில் பட்டது, அதைச் சொன்னேன்.

ஆகவே உன் ஆட்களிடம் சொல். மிஸஸ் பிள்ளை சாகவில்லை. ஒரு காலையில் எழுந்து குளித்து, வீட்டிலுள்ளவர்களை வரிசையாக நிற்கவைத்து, அவரவர் குறையை அவரவரிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் புறப்பட்டாள். எந்த ஊர் என்று கேட்பார்கள். மெட்ராஸிலிருந்து பாண்டிச்சேரி போகும் பஸ்ஸில் ஏறி மரக்காணத்தில் இறங்க வேண்டும்.

அவளை அனுப்பிவிட்டு நீ மட்டும் அங்கே என்ன செய்யப்போகிறாய்? நீயும் வா.

கிழக்குப் பார்த்த அறையைக் காலி செய்துவிட்டேன். தண்ணீர் கொஞ்சம் கரிக்கும், பழகிவிடும். கண்ணாயிரத்தின் மனைவி முழங்காலுக்கு உப்பு வறுத்து ஒத்தடம் கொடுப்பாள். கம்பளித் துணி ஒன்றுகூட வேண்டாம். என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் புரியும்படி எழுது. என் குரலை அங்கேயே விட்டுவிட்டு வா. இந்த வீட்டுக்கு ஒன்று போதும்.

மறுநாள் யார் எழுந்திருப்பாள் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியும், கான்வென்ட் நாளிலிருந்தே தெரியும். முதலில், லேசில் எழுந்திருக்கமாட்டாள். வாயில் ஒரு வறுத்த புளியங்கொட்டை இருக்கும். ஜெப வேளையில் சிரித்து, பக்கத்தில் இருப்பவளையும் சிரிக்கவைத்து, இரண்டு பேரையும் முட்டிபோட வைப்பாள். அவளைத் திருத்த என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.

இங்கே வந்ததும் மறுபடி ஆரம்பிக்கிறேன்.

அமராவதி