தொட்டியில் விட்ட மீன்

வியாழன் இரவு, கூடுவாஞ்சேரி

இன்று மாமல்லபுரம் பக்கம் ஒரு முலாம் பட்டறைக்குத் தணிக்கைக்குப் போனேன். எங்கள் கார் கம்பெனியின் போல்ட்டுகளுக்கு முலாம் பூசித் தருகிறவர்கள். சுத்திகரித்த கழிவுநீர்த் தொட்டியில் மீன் நீந்தியது. தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று காட்ட எல்லாப் பட்டறையிலும் இப்படி மீன் விடுவார்கள்.

கிளம்பும்போது கேட்டில் ஏரி மீன் விற்கிறவர் சிரித்தார். “நீங்க வந்தாதான் சார் எனக்கு யாவாரமே. ஒவ்வொரு தபாவும் மொதலாளி புதுசா உசுரோட வாங்கி தொட்டியில வுடறாரு.”

திரும்பிப் போய் முதலாளி வேலுவைக் கேட்டேன்.

“கொக்கு தூக்கிகினு பூடுது சார். நான் இன்னா, குச்சி வெச்சிகினு காவலா நிக்கிறது?”

சுவர்மேல் கொக்கு உட்கார்ந்துதான் இருந்தது.

ஆய்வக அறிக்கையில் குறை இல்லை. ஆனால் அதற்குத் தண்ணீர் எடுத்து அனுப்புவதும் வேலுதான். நானே பிடித்து அனுப்புகிறேன் என்றால், அதற்கெல்லாம் கம்பெனி செலவு செய்யாது என்கிறான் ரவி. கல்லூரியில் எனக்கு ஜூனியர், இன்று என் மேலாளர். போன வருடம் வேறொரு பட்டறைக்கு நான் எழுதிய ‘தவறு’ என்பதைச் ‘சரி’ என்று மாற்றியவன். கையெழுத்து மட்டும் என்னுடையதாகவே இருந்தது.

தவறு என்று எழுதினால் எங்கள் ஆர்டர் நின்று வேலு பட்டறையை மூட வேண்டியதுதான். சரி என்று எழுதி, நாளைக்குப் பக்கத்துக் கிணறு கெட்டால் என் தலைதான் உருளும்.

காலையில் சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். மீன் செத்து மிதந்தால் ‘தவறு’ என்று எழுதிவிடுவேன். நீந்திக்கொண்டிருந்தால் ‘சரி’ என்று எழுதிவிடுவேன். ஒரு மீன்கூட இல்லாமல் வெறும் தண்ணீராக இருந்தால் என்ன எழுதுவது?