10.42க்கு நின்ற விசிறியும் யாகோடா மீது விழுந்த பழியும்

அனுப்புநர்:
குவோஸ்டன் ராகிச்,
கட்டடப் பராமரிப்பாளர்,
வேதியியல் தொழில்நுட்ப மேல்நிலைப் பள்ளி,
வெர்போவிக், செர்பியா.

பெறுநர்:
மாவட்டத் தலைமைக் கல்வி ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: பள்ளியின் விசிறிகளையும் கொதிகலனையும் இயக்கும் கணினிப் பெட்டிக்குள் இணையம் வழியாக வெளியாள் புகுந்தது – ஆய்வக உதவியாளர் திருமதி யாகோடா த்ரிஃபுனாட்ஸ் மீதான விசாரணையை நிறுத்தி வைக்கவும், பெட்டியின் பதிவு அழியுமுன் கைப்பற்றவும் வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

1. இருபத்தாறு ஆண்டுகளாக இப்பள்ளியின் கொதிகலனையும் குழாய்களையும் பார்த்து வருகிறேன். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதங்கள் உள்ளன. இரக்கம் தேடி இதைச் சொல்லவில்லை. மூன்று வாரங்கள் நான் ஏன் வாய் திறக்கவில்லை என்பது தங்களுக்கு விளங்க வேண்டும்.

2. கடந்த சனவரி 27, பள்ளிகளின் காவலரான புனித சாவாவின் நாள். அன்று வகுப்பு இல்லை. மண்டபத்தில் வழிபாடு, பிறகு பெற்றோருக்கு மாணவர்களின் வேதியியல் செய்முறைக் காட்சி. அதற்கான வாயுவைத் தயாரிக்க யாகோடா காலையிலேயே ஆய்வகத்துக்குப் போனார். போகும் வழியில் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக என்னைப் பார்த்துவிட்டு, “என்ன குவோஸ்டன், கோட்டு உன்னுதா, இல்ல வாடகைக்கு எடுத்தியா?” என்று கேட்டார். அவருடைய முழு நினைவோடு அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

3. அவர் தயாரித்தது அழுகிய முட்டை நாற்றம் வீசும் வாயு. அது அளவு மீறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, சுவரில் பச்சை விளக்கும் எரிகிறது என்றால், விசிறி வாயுவை வெளியேற்றுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் விசிறி நின்றிருந்தது. மண்டபத்து ஒலிபெருக்கிச் சத்தத்தில் அது நின்றது அவருக்குக் கேட்டிருக்காது. பதினொரு மணிக்கு அவரைத் தரையிலிருந்து தூக்கினார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் அன்றைய காலை அவர் நினைவில் இல்லை. தன் மகளின் பெயரைக்கூடச் சில நாட்களில் தேட வேண்டியிருக்கிறது.

4. “விசிறியைப் போட மறந்தார்” என்று விசாரணைக் குழு எழுதியுள்ளது. சுவிட்சு நிறுத்திய நிலையில் இருந்ததே அதற்கு ஆதாரமாம். தீயணைப்புப் படையினர் வந்ததும் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். மின்சாரம் போனால் அந்தத் தொடு சுவிட்சு தானாகவே நிறுத்திய நிலைக்குத் திரும்பும். குழுவினர் என்னைக் கேட்டிருந்தால் இதை ஒரு நிமிடத்தில் காட்டியிருப்பேன். அந்தப் பச்சை விளக்கும் விசிறி சுழல்வதைப் பார்த்து எரிவதில்லை. சுவிட்சைத் தொட்டாலே எரியும். இந்த லட்சணத்தில்தான் அதைப் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

5. கணினிப் பெட்டி ஒவ்வொரு கட்டளையையும் குறித்து வைக்கிறது. மறுநாள் அதைத் திறந்து பார்த்தேன். 10.05: ஆய்வகச் சுவிட்சிலிருந்து விசிறி இயக்கப்பட்டது. 10.42: வெளியிலிருந்து, இணையம் வழியாக, விசிறி நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர் பெயர் என்று அங்கே இருப்பது குவோஸ்டன் ராகிச்.

6. நான் நிறுத்தவில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்தவன் நான்தான். பெட்டி மொட்டைமாடி அறையில் இருக்கிறது. என் முழங்கால் படி ஏற விடுவதில்லை. வீட்டிலிருந்தே பார்க்க வழி உண்டா என்று பெட்டியைப் பொருத்திய நிறுவனத்தின் ஆளிடம் கேட்டேன். அவர் என் பெயரில் ஒரு நுழைவு போட்டு, “பள்ளிக்கூடத்துப் புனிதர் பேரையும் ஆரம்பிச்ச வருஷத்தையும் கடவுச்சொல்லா வெச்சிட்டேன் மேஸ்திரி. நீங்க மறக்கவே மாட்டீங்க. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான் வைக்கிறோம்” என்றார். நம் நாட்டில் எந்தப் பள்ளிக்கும் அதே புனிதர்தான். ஆண்டோ வாசல் வளைவில் கல்லில் வெட்டியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கத் திருடனுக்குப் பெரிய மூளை வேண்டியதில்லை. விபத்து நடந்த அதே காலையில் இந்நிறுவனம் பெட்டி வைத்த வேறு இரண்டு பள்ளிகளில் கொதிகலன் தானாக அணைந்தது. அங்கே அதைப் பழுது என்று எழுதி மூடிவிட்டார்கள். புகுந்தவர் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது.

7. இதைத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். “உன் பேருதானய்யா அதுல இருக்கு. பேசாம இரு, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார். பேசாமல் இருந்தேன். அதற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

8. சென்ற ஞாயிறு மருத்துவமனைக்குப் போனேன். யாகோடாவின் படுக்கையருகே, தவறு தன்னுடையதே என்று அவர் ஏற்கும் ஒப்புதல் கடிதம் தயாராக இருந்தது. “மறந்துதான் இருப்பேன் குவோஸ்டன். இப்போ எல்லாத்தையும் மறக்கிறேன் இல்ல?” என்றார். அன்று ஆய்வகத்தில் மாணவர்கள் யாரும் பக்கத்தில் இல்லையே என்று சந்தோஷம் வேறு பட்டார். பிப்ரவரி 21 அன்று விசாரணையில் அதில் கையெழுத்திடப் போகிறார். செய்யாத தவறைச் செய்ததாகவே அவர் நம்பத் தொடங்கிவிட்டார், ஐயா. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

9. எனவே தங்களிடம் வேண்டுவது:

அந்த விசாரணையை நிறுத்தி, ஒப்புதல் கடிதத்தைத் திரும்பப் பெற உத்தரவிட வேண்டும். பெட்டி முப்பது நாள் பதிவையே வைத்திருக்கும்; பிப்ரவரி 26க்குப் பிறகு அந்தக் காலை அதில் இருக்காது. தாங்கள் நேரில் வந்து கைப்பற்ற வேண்டும். பதிவை அனுப்பும்படி நிறுவனத்திடம் கேட்க வேண்டாம்.

இந்நிறுவனம் பெட்டி வைத்த எல்லாப் பள்ளிகளிலும் இணைய இணைப்பை உடனே பிடுங்கி, கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். ஆய்வக விசிறிக்கு எந்தக் கணினியும் தலையிட முடியாத தனிச் சுவிட்சும், விசிறி சுழன்றால் மட்டுமே எரியும் விளக்கும் வேண்டும். எங்கள் ஆய்வகம் மார்ச் 3 அன்று மீண்டும் திறக்கிறது. பெட்டியின் இணையக் கம்பி இன்னும் செருகியபடியே இருக்கிறது.

என் மீது எடுக்க வேண்டிய நடவடிக்கையையும் எடுக்கலாம். நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

10. பதிவில் என் பெயர் இருந்தும் தாங்கள் என்னை நம்ப வேண்டும் என்பதற்காக ஒரு புகைப்படம் இணைத்துள்ளேன். இவ்வாண்டு விழாவின் ரொட்டியை ஏந்தும் பெருமையைப் பள்ளி எனக்கு அளித்தது; ஆசிரியர் அல்லாத ஒருவருக்கு அது கிடைத்தது முதல் முறை. வழிபாட்டு வழக்கப்படி பாதிரியாரும் நானும் ரொட்டியைப் பிடித்துச் சுழற்றுகிறோம். எங்கள் தலைக்கு மேலே மண்டபக் கடிகாரத்தில் மணி 10.42. என் இரண்டு கைகளும் ரொட்டியின் மேல் இருக்கின்றன. நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மேலே உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நானே பொறுப்பு என்று அறிந்து கையொப்பமிடுகிறேன்.

இடம்: வெர்போவிக்
நாள்: பிப்ரவரி 19

குவோஸ்டன் ராகிச்

இணைப்பு: 1. பெட்டியின் பதிவு, என் கையால் எழுதிய நகல். 2. விழாப் புகைப்படம்.