எண்பது வயது ஹெஸ்டரும் ஒரு கதிர்க்குருவியும்

அக்டோபர் 3

ஹெஸ்டர் லவெலுக்கு எண்பது வயதாகிறதாம். நார்ஃபோக் கடற்கரை முழுதும் கொண்டாடுகிறது. ஊர்க் கலைக்கூடத்தில் அவள் வரைந்த பறவைகளின் கண்காட்சி. சுவர் நிறைய வாத்துகள். ஆணி அடிப்பது யார்? பள்ளியில் உயிரியல் கற்பிக்கும், பறவையாளர் சங்கத்தின் கௌரவச் செயலாளர் என்ற பட்டம் பெற்ற நான். கௌரவம் என்றால் சுத்தியல்.

அக்டோபர் 5

சதுப்போரத்தில், பறவை பார்க்க நாங்கள் ஒளிந்திருக்கும் குடிலில், சங்கத்து ரெஜ், தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வாய்யா பெர்ட்ரம், இன்னிக்கு டைனோசர் ஏதும் பார்த்தியா?" என்றான். பத்து வருடமாக ஒரே நகைச்சுவை.

பத்து வருடத்துக்கு முன் நான் ஒரு சைபீரியக் கதிர்க்குருவியைப் பார்த்தேன். அரிய பறவைகளுக்கான குழுவில் ஹெஸ்டர்தான் தலைவி. என் அறிக்கையை 'நிரூபிக்கப்படவில்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். மனைவியை ஏமாற்றியவனை இந்த ஊர் மன்னிக்கும். பார்க்காத பறவையைப் பார்த்தேன் என்பவனை மன்னிக்காது.

ஆனால் நான் பார்த்தேன்.

அக்டோபர் 6

கிழக்குக் காற்று. அரிய பறவைகளை வழிதவற வைத்து இங்கே கொண்டுவரும் காற்று. ஹெஸ்டர் எல்லாப் படங்களையும் ஓர் அங்குலம் இறக்கச் சொன்னாள். இறக்கினேன். பிறகு ஏற்றச் சொன்னாள்.

அக்டோபர் 8

திறப்பு விழாவுக்குப் போகும் வழியில், மதகருகே, புல்லுக்குள் — மறுபடியும் ஒரு சைபீரியக் கதிர்க்குருவி! சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் தெரிந்தால் போதாதா? போதவில்லை.

கூடத்தில் எல்லோரும் கையில் ஒயினோடு, படத்திலிருக்கும் வாத்து குஞ்சா கிழமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓவியமாக ஒருவரும் பார்க்கவில்லை. ஹெஸ்டர் பேச எழுந்தாள். அவள் காதில் சொல்லிவிட்டேன்.

"கால் என்ன நிறம்?"

"தெரியல. புல்லு மறைச்சிருச்சு."

மைக்கைப் பிடித்தாள். "பேச்செல்லாம் அப்புறம். மதகுகிட்ட சைபீரியக் கதிர்க்குருவி. பெர்ட்ரம் பார்த்திருக்கான்."

"பெர்ட்ரமா?" என்று ரெஜ் இளித்தான்.

"நான் சொல்றேன்ல, ஓடுடா!"

கூடம் காலி. நாங்கள் இருவரும், வாத்துகளும், தொடாத பாலாடைக்கட்டியும்.

"நீங்க போகலியா?"

"முட்டி விடணுமே." நாற்காலியில் சாய்ந்தாள். "அன்னிக்கு அறிக்கையில கால், நகம், கண் வளையம்னு பக்கம் பக்கமா எழுதியிருந்த. ஓடி ஒளியுற குருவில அவ்வளவு யாருக்குய்யா தெரியும்? இன்னிக்குத் தெரியலன்னு சொன்ன பாரு, நம்பிட்டேன்."

மனதுக்குள் கத்தினேன்: பார்த்ததைப் பார்த்தேன்னு எழுதினா பொய், பார்க்கலன்னு சொன்னா மெய்யா? என்ன நியாயம் இது? பத்து வருஷம்! இதை அன்னிக்கே கூப்பிட்டுக் கேட்டிருந்தா வாய் வலிச்சிருக்குமா?

ரெஜ் முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வந்தான். "இருக்குய்யா! நெசமாவே இருக்கு!" என் கையைப் பிடித்துக் குலுக்கினான், சேற்றோடு. பிறகு அவளிடம், "பாவம், நீங்க ஒருத்தர்தான் பார்க்கல."

அவள் தன் வாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 9

விடியலில் ஹெஸ்டர் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். ஏனென்று எனக்கும் தெரியாது. மதகருகே அவளுக்கு நாற்காலி போட்டேன். குருவி இரவே போய்விட்டிருக்க வேண்டும். குளிரில் மூக்கு ஒழுக, உச்சிப்பொழுதுவரை உட்கார்ந்திருந்தோம்.

திரும்பும்போது, "நாளைக்கும் கிழக்குக் காத்துதான்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல்.

நாற்காலியைக் காரிலிருந்து இறக்கவில்லை. கனமான நாற்காலி. வேறு காரணம் ஒன்றுமில்லை.